பிள்ளைக்கொலை தடுத்த பெருமாட்டி சாவித்திரிபாய் பூலே

சாவித்திரிபாய் பூலே அம்மையார் என்றவுடனே, கையில் நூலேந்திக் கரும்பலகையின் அருகே நிற்கும் ஆசிரியையின் திருவுருவமே நம்மனோர் உள்ளத்தில் தோன்றும். நம் கழகத்தின் படிப்பகத்தில் தொங்குவதும் அத்தகைய படமே. இந்தியப் பெண் கல்வியின் முன்னோடி என்று அவரைப் போற்றுவது முற்றிலும் தகும். ஆயினும் அப்படத்தில் இடம்பெறாத வீடொன்று அவர் வரலாற்றில் உண்டு. அம்மையாரும் அவர் கணவர் ஜோதிராவ் பூலேயும் பூனா நகரில் தாம் குடியிருந்த இல்லத்திலேயே 1863ஆம் ஆண்டில் ஏற்படுத்திய பிள்ளைக்கொலைத் தடுப்பு இல்லமே அது. பள்ளிக்கூட வரலாற்றைப் பலரும் எழுதியுள்ளனர். பெண் மகவைக் கருவிலேயே கண்டறிந்து களையும் கொடுமை நம்மிடையேயும் நுழைந்துவிட்ட இக்காலத்தில், அம்மையாரின் வாழ்வை அவ்வீட்டை நடுவாக வைத்துச் சொல்வதே இம்மலருக்குப் பொருந்தும் எனக் கருதினோம்.

அம்மையார் 1831ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 3ஆம் நாள் சதாரா மாவட்டத்து நாய்காவ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் கண்டோஜி நெவசே; தாயார் இலட்சுமி. மலர்த்தோட்டமும் காய்கறித் தோட்டமும் பயிரிடும் மாலி வகுப்பினர். 1840ஆம் ஆண்டில், தம் ஒன்பதாம் வயதில், பதின்மூன்று வயதினரான ஜோதிராவுக்கு மனைவியானார். திருமணமாகி வந்தபோது அவர் எழுத்தறியார். கணவரே அவருக்கு முதல் ஆசிரியரானார். தாயை இழந்த ஜோதிராவை வளர்த்த சகுணாபாய் என்னும் உறவுப் பெண்மணியும் உடன் அமர்ந்து கற்றார். பின்னர் அகமத்நகரிலும் பூனாவிலும் ஆசிரியப் பயிற்சி பெற்றார்.

1848ஆம் ஆண்டில் பூனாவின் பிடே என்பாரது மாளிகையில் பெண்களுக்கான பள்ளி தொடங்கிற்று. பதினேழு வயதே நிரம்பிய சாவித்திரிபாய் அதன் ஆசிரியையானார். தெருவில் அவர் நடந்து செல்லுகையில் சாணமும் சேறும் கல்லும் வீசினர் என்பதும், மாற்றுச் சேலை ஒன்றைக் கையோடு கொண்டுசென்று பள்ளியில் உடுத்திக்கொண்டார் என்பதும் நம் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஊராரின் நெருக்குதலுக்கு அஞ்சிய மாமனார் 1849ஆம் ஆண்டில் இருவரையும் வீட்டைவிட்டு வெளியேற்றினார். பாத்திமா என்னும் இசுலாமியப் பெண்மணி அவருக்குத் தோள் கொடுத்தார். 1852ஆம் ஆண்டில் அரசாங்கமே பூலே தம்பதியரின் கல்விப் பணியைப் பாராட்டிச் சிறப்புச் செய்தது. இவற்றை விரித்துரைக்க ஈண்டு இடமில்லை.

ஒன்றை மட்டும் விரித்துச் சொல்ல வேண்டும். மகார், மாங்கு முதலிய தீண்டப்படாதவர் எனப்பட்ட குலங்களின் பிள்ளைகளுக்கும் இத்தம்பதியர் பள்ளிகள் நடத்தினர். அவர்களிடம் பயின்ற மாங்குக் குலச் சிறுமி முக்தா, தம் மக்களின் துயரங்களைப் பற்றி எழுதிய கட்டுரை 1855ஆம் ஆண்டில் ஞானோதய என்னும் மராத்தி இதழில் வெளியாயிற்று. ஒடுக்கப்பட்ட குலத்துப் பெண்ணொருத்தி தன் கையால் எழுதி அச்சேறிய மிகப் பழைய எழுத்துகளுள் அது ஒன்று. மறையோதும் உரிமை எமக்கு இல்லையெனில் எமக்குரிய சமயந்தான் யாது என்று அச்சிறுமி வினவியதைப் பலரும் எடுத்துக் காட்டுவர். அக்கட்டுரையில் வேறொரு செய்தியும் உண்டு. எம் குலப் பெண்கள் பிள்ளை பெறும் வேளையில் தலைக்குமேல் கூரையும் இன்றி மழையிலும் குளிரிலும் வருந்துகின்றனர் என்பதையும் அவள் எழுதினாள். ஆண்டகை எழுத்தாளர் எவரும் அக்காலத்தில் எழுதத் துணியாத பொருள் அது. பெண்ணின் பேறுகாலத் துயரத்தைத் தம் மாணவியின் எழுத்திலேயே படித்த ஆசிரியை, எட்டாண்டுகளுக்குப் பின் தம் வீட்டின் ஓர் அறையைப் பேறுகால அறையாக்கினார். ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று நாம் சாதிக்கவில்லை. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்கின்றோம், அவ்வளவே.

இனி அவ்வீட்டின் வரலாற்றுக்கு வருவோம்.

அந்நாளைய மராட்டிய மேற்குலங்களில், குறிப்பாகப் பிராமணர்களிடையே, பால்மணம் மாறாச் சிறுமியரை முதியோருக்கும் மணம் செய்து கொடுத்தனர். கணவன் இறந்துபட்டால் அச்சிறுமி தலை மழிக்கப்பட்டு, நல்லுடையும் நல்லுணவும் மறுக்கப்பட்டு, ஆயுள் முழுதும் அடுக்களையிலேயே கிடக்க வேண்டும். 1856ஆம் ஆண்டில் விதவை மறுமணத்திற்குச் சட்டம் இடங்கொடுத்த பின்னரும் வீடுகள் இடங்கொடுக்கவில்லை. இவ்வாறு கிடந்த இளம்பெண்களை அவ்வீட்டு ஆடவரே வஞ்சித்தலும், கருவுற்ற பின் கைவிடுதலும் அரியன அல்ல. அந்நிலையில் அவளுக்கு எஞ்சியவை மூன்று வழிகளே: நச்சுமூலிகை உண்டு கருவை அழித்தல், பிறந்தபின் மகவைக் கொல்லுதல், கிணற்றில் தானே வீழ்தல்.

ஜோதிராவின் நண்பர் ஒருவர் இல்லத்தில் சமையல் வேலை செய்துவந்த ஓர் இளம் பிராமண விதவைக்கு இக்கதியே நேர்ந்தது. கற்றறிந்த சாத்திரி ஒருவரால் வஞ்சிக்கப்பட்டுக் கருவுற்றாள். கரு கலையவில்லை. பிறந்த மகவைக் கொன்று வீட்டின் பின்புறக் கிணற்றில் எறிந்தாள். வழக்கு மன்றம் அவளுக்கு ஆயுட்கால நாடுகடத்தல் விதித்து அந்தமான் தீவுக்கு அனுப்பிற்று. சாத்திரி யாதொரு தண்டனையும் இன்றித் தம் சாத்திரங்களோடு வாழ்ந்திருந்தார். இச்செய்தி பூலே தம்பதியரை உலுக்கிற்று. கொலைத் தண்டனையைக் காட்டி இக்கொலைகளைத் தடுக்க இயலாது என்பதை அவர்கள் கண்டனர். கொல்லாமலிருக்க ஒரு வழி திறந்திருந்தால் அப்பெண் கொன்றிருப்பாளா என்னும் வினாவே அவர்களை இல்லம் திறக்கச் செய்தது.

இல்லத்தைத் திறந்ததோடு அவர்கள் நின்றிலர். பிராமணர் வாழும் தெருமுனைகளில் பெரிய அச்சுச் சுவரொட்டிகளை ஒட்டுவித்தனர். கருவுற்ற விதவையர் மறைவாக இங்கு வந்து அச்சமின்றிப் பிள்ளை பெறலாம் என்பதும், மகவை உடன் கொண்டுசெல்வதோ இங்கேயே விட்டுச் செல்வதோ அவரவர் விருப்பம் என்பதும் அச்சுவரொட்டிகள் அறிவித்த செய்தி. எத்துணைத் துணிவு வேண்டும் இதற்கு! ஊரே அறிந்தும் வாய்திறவாத ஒன்றை ஊர்ச்சுவரிலேயே ஒட்டினர், அதுவும் கீழ்க்குலத்தார் எனத் தம்மை இகழ்ந்த தெருவிலேயே. வைதீகர் கொதித்தெழுந்தனர். ஒழுக்கக் கேட்டுக்கு ஊக்கமளிப்பதாகப் பழி தூற்றினர். சாவித்திரிபாயோ வந்த பெண்களுக்குப் பேறு பார்த்தார், காயம் கொடுத்தார், மகவைக் குளிப்பாட்டினார். குலம் எது என்று கேட்டு முகம் சுளித்தோர் சாணம் எறிந்த அதே கையணிகள் பூண்ட குலத்துப் பெண்களே இப்போது இரவில் முக்காடிட்டு அவர் வாயிலுக்கு வந்தனர். அவர் ஒருத்தியையும் கடிந்து திருப்பி அனுப்பியதாக வரலாறு இல்லை.

1884ஆம் ஆண்டில் அரசாங்கத்தின் கருத்துக்கு ஜோதிராவ் எழுதியனுப்பிய அறிக்கையில் இவ்வில்லத்தின் கணக்கு உள்ளது. அதுவரை வந்து பிள்ளை பெற்ற விதவையர் 35 பேர். அம்மகவுகளுள் உயிரோடிருந்தவை 5. எஞ்சிய 30 மகவுகளும் இறந்தன. கருவை மறைக்கும் பொருட்டுத் தாய்மார் முன்னரே உண்ட நச்சு மருந்துகள் வயிற்றிலிருந்த சிசுவைத் தாக்கியதே அதற்குக் காரணம் என ஜோதிராவ் கருதினார். இக்கணக்கைப் படித்தபின் நாம் நெடுநேரம் மேலே படிக்க இயலாதிருந்தோம். கதவு திறந்துதான் இருந்தது, சுவரொட்டியும் ஒட்டியிருந்தது. ஆயினும் அக்கம்பக்கத்துக் கிழவி தந்த மூலிகை அவர்களை முந்திக்கொண்டது. இல்லம் அமைத்தல் வேறு, செய்தி உரிய காலத்தில் உரியவள் செவிக்குச் சென்று சேர்தல் வேறு. இருபது ஆண்டுகள் பாடுபட்டும் முப்பது தொட்டில்களை அம்மையார் வெறுமையாகவே கண்டார் என்பதை அவர் புகழ்பாடும் நூல்கள் விரைந்து கடந்து செல்கின்றன. விழிப்புணர்ச்சிப் பணியில் ஈடுபடுவோர் அதனை நின்று படித்தல் வேண்டும்.

அக்கொலைகளுக்கும் இன்றைய கொடுமைக்கும் வேறுபாடு உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பூனாவின் விதவை தன் மகவு ஆணா பெண்ணா என்று பார்த்துக் கொன்றாள் அல்லள். மானம் போகும் என்ற அச்சமே கொன்றது. இன்று அழிக்கப்படும் கரு திருமணமான தாயின் வயிற்றில், குடும்பத்தார் அனைவரும் அறிய வளர்ந்த கரு. பெண் என்பதே அதன் குற்றம். எனினும் இரண்டிலும் முடிவு செய்வோர் ஒருவர், பழி சுமப்பவள் மற்றொருத்தி. இவ்வொற்றுமையே நமக்கு முக்கியம்.

பூலே தம்பதியர் சுவரொட்டி ஒட்டிய அதே மராட்டிய மாநிலத்தில், ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் கழித்து, 1980களில் வேறு வகை விளம்பரங்கள் தோன்றின. கருவின் பாலைக் கண்டறிய இன்று சிறுதொகை செலவிட்டால் நாளை பெருந்தொகை வரதட்சணை மிச்சமாகும் என்னும் பொருள்பட மருத்துவக் கூடங்கள் விளம்பரம் செய்தன. பனிக்குட நீரை எடுத்துச் சோதிக்கும் முறை முதலிலும், ஒலியலையால் படம் பிடிக்கும் ஸ்கேன் கருவி பின்னரும் இதற்குப் பயன்பட்டன. சிசுவின் நோயைக் கண்டறியப் பிறந்த அறிவியல் அதன் பாலைக் கண்டறியும் வாணிகமாயிற்று. மகளிர் இயக்கத்தாரும் நல்லெண்ணம் கொண்ட மருத்துவர்களும் போராடியதன் பயனாக மராட்டிய அரசு 1988ஆம் ஆண்டில் இந்தியாவிலேயே முதன்முதலாக இதற்கெதிராகச் சட்டம் இயற்றிற்று. நாடு முழுமைக்குமான சட்டம் 1994ஆம் ஆண்டில் நிறைவேறி, 1996 முதல் நடைமுறைக்கு வந்து, 2003இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. கருவின் பாலைச் சொல்லாலோ சைகையாலோ வேறெவ்விதத்தாலோ தெரிவித்தல் அச்சட்டப்படி குற்றம். இனிப்பு வாங்கிக்கொள்ளுங்கள் எனக் குறிப்பால் உணர்த்தினும் குற்றமே.

அச்சட்டத்தில் நம் மக்கள் பெரும்பாலோர் அறியாத கூறு ஒன்றுள்ளது. இச்சோதனைக்கு உட்பட்ட கருவுற்ற பெண்ணை அவள் கணவனோ உறவினரோ கட்டாயப்படுத்தினர் என்றே, மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, வழக்கு மன்றம் கொள்ள வேண்டும். கட்டாயத்துக்கு உள்ளானவளைச் சட்டம் தண்டிப்பதில்லை. அந்தமானுக்கு அனுப்பப்பட்ட அவ்விதவைக்குக் கிடைக்காத நீதி இது. இதனை நாம் ஊர்தோறும் சொல்லல் வேண்டும்; ஏனெனில் உண்மையை வெளியிட்டால் தன்னையே சிறையிலிடுவர் என்று அஞ்சி வாய்மூடியிருக்கும் இளம் மருமகள்கள் பலர். மற்றொன்றும் தெளிவாக இருத்தல் நன்று. மருத்துவக் காரணம் பற்றிய கருக்கலைப்புக்கு 1971ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணுக்கு வகை செய்துள்ளது. அதனை நாம் எதிர்க்கவில்லை. பால் பார்த்து அழிப்பதையே எதிர்க்கின்றோம்.

சட்டம் வந்தும் மராட்டியத்தில் ஆறு வயதுக்குட்பட்ட ஆண் குழந்தைகள் ஆயிரவர்க்குப் பெண் குழந்தைகள் 2001இல் 913 என்றிருந்த நிலை 2011இல் 894 ஆகக் குறைந்தது. சாவித்திரிபாய் பிறந்த மண்ணின் கணக்கு இது. நம் தமிழ்நாட்டின் நிலை 2011இல் 943 என்று சற்று மேம்பட்டிருந்தது. ஆயினும் நெஞ்சு நிமிர்த்த இடமில்லை. கள்ளிப்பாலும் நெல்மணியும் கொண்டு பெண் சிசுவைக் கொன்ற கதைகள் உசிலம்பட்டி வட்டாரத்திலிருந்தும் சேலம், தர்மபுரிப் பகுதிகளிலிருந்தும் உலகெங்கும் பேசப்பட்டன. 1992ஆம் ஆண்டில் சேலத்தில்தான் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிற்று. சேலம் மாவட்டத்தில் 2001இல் அவ்விகிதம் 851 மட்டுமே. தொட்டில் திட்டத்தைக் கேள்வியுற்றபோது, வேண்டாத மகவை இங்கே விட்டுச் செல்க என்னும் 1863ஆம் ஆண்டுப் பூனாவின் சுவரொட்டியே நம் நினைவுக்கு வந்தது.

நம் சமுதாயத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆதிதிராவிடர் உள்ளிட்ட அட்டவணை வகுப்பினரிடையே பெண் குழந்தைகளின் விகிதம் நாட்டின் பொதுச் சராசரியைவிடச் சற்று மேம்பட்டே இருந்து வந்துள்ளது. வயலிலும் களத்திலும் உழைத்துக் கூலி கொணரும் பெண்ணை நம் முன்னோர் சுமையாகக் கருதியதில்லை. பெண் வீட்டார்க்கு மாப்பிள்ளை வீட்டாரே பரியம் கொடுத்த வழக்கம் நம்மிற் பலருக்கு நினைவிருக்கும். ஆனால் 2001க்கும் 2011க்கும் இடையே நாடளவில் நம் வகுப்பாரின் விகிதமும் சரிந்தது. அரசுப் பணி பெற்றவன் மோட்டார் சைக்கிளும் பவுனும் கேட்கின்றான். படித்தவன் வீட்டில்தான் கேட்பு மிகுதி. கல்வியைப் பரப்பும் பொருட்டே தோன்றிய நம் கழகம் இதனைப் பிறர் வீட்டுச் செய்தியாகக் கொண்டு வாளாவிருத்தல் இயலாது. மேல்வகுப்பாரின் நன்மைகளை அடையுமுன் அவர்தம் நோயை நாம் ஏன் தேடிப் பெற வேண்டும்?

பள்ளி வயதுப் பிள்ளைகளைக் கணக்கெடுக்க வீடுவீடாகச் செல்லும் ஆசிரியர்க்கு இவையெல்லாம் ஏட்டுச் செய்தியல்ல. இரு மகன்களுக்கு இடையே எட்டாண்டு இடைவெளி ஏன் என்று நாம் கேட்பதில்லை. கேட்காமலேயே திண்ணையிலிருக்கும் பாட்டி சொல்லிவிடுவாள். பெண்ணாகவே பெறுகின்றாள் என மருமகளைப் பழிக்கும் மாமியாரிடம், சேயின் பாலை முடிவு செய்வது தந்தையின் விந்தணுவே, தாய்க்கு அதில் பங்கில்லை என்ற உயிரியற் பாடத்தைச் சொல்லிப் பார்த்திருக்கின்றோம். பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எளிதில் ஏற்றுக்கொள்ளும் அவ்வுண்மையை மாமியார் நம்புவதற்கு மூன்று முறை சொல்ல வேண்டியிருக்கும். சொல்லத்தான் வேண்டும். கூட்டம் கூட்டினால் கருவுற்ற பெண்ணை முன்வரிசையில் அமர்த்தி அறிவுரை கூறுவதால் பயனில்லை. அவள் கணவனையும் மாமியாரையும் மாமனாரையும் அழைத்து அமர்த்துங்கள். கிராமச் செவிலியரைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். மணமான ஆண்டிலேயே அச்செய்தி அவ்வீட்டை எட்டுதல் வேண்டும். ஸ்கேன் நிலையத்துக்கு வண்டி பிடித்த பின்னர் அன்று. முப்பது மகவுகளின் கணக்கு நமக்குச் சொல்வது இதுவே.

சாவித்திரிபாயும் மலடி என்னும் இழிசொல்லைச் சுமந்தவரே. தம்பதியர்க்குப் பிள்ளைப்பேறு இல்லை. வேறொருத்தியை மணக்குமாறு உறவினர் ஜோதிராவை வற்புறுத்தினர். குறை மனைவியிடமே உள்ளது என்று எப்படி முடிவு செய்தீர்கள், குறை கணவனிடமிருந்தால் மனைவி வேறொருவனை மணக்க ஒப்புவீர்களா என்று மடக்கி அவர் மறுத்துவிட்டார்.

1868ஆம் ஆண்டு நிகழ்ச்சியொன்றை நம் மக்கள் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும். அம்மையார் அப்போது தம் பிறந்த ஊரான நாய்காவில் தங்கியிருந்தார். ஊர் ஊராகச் சென்று பஞ்சாங்கம் படிக்கும் கணேசன் என்னும் பிராமண இளைஞனும், சார்ஜா என்னும் தீண்டப்படாத குலத்துப் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்பினர். சார்ஜா ஆறு திங்கள் கருவுற்றிருந்தாள். செய்தி வெளிப்பட்டதும் ஊரார் இருவரையும் அடித்துத் தெருவில் இழுத்துச் சென்றனர். கொன்றுவிடுவதே அவர்கள் நோக்கம். இதனைக் கேள்வியுற்ற அம்மையார் ஓடோடிச் சென்று கூட்டத்தின் நடுவே நின்றார். கொலை செய்தால் ஆங்கில அரசின் சட்டம் உங்களைத் தூக்கிலிடும் என்று எடுத்துரைத்தார். அறவுரை அக்கூட்டத்தின் செவியில் ஏறாது என்பதை உணர்ந்து, ஏறக்கூடியதைச் சொன்னார் போலும். கூட்டம் தணிந்தது. இருவரும் ஊரைவிட்டு அகல வேண்டும் என்பதோடு நின்றது. அம்மையார் அதற்கு இசைந்து, நடந்ததை விவரித்து ஒரு கடிதமும் எழுதி, இருவரையும் பூனாவில் கணவரிடம் அனுப்பி வைத்தார். அக்கடிதம் இன்றும் உள்ளது. காப்பாற்றப்பட்ட உயிர்கள் இரண்டல்ல, மூன்று. சாதி மறுத்து மணந்தோரை வெட்டிச் சாய்க்கும் செய்திகளை நாளேடுகளில் படிக்கும் நாம், நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊர்த்தெருவின் நடுவே தனியளாய் நின்ற அப்பெண்மணியை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அதே ஆண்டில்தான் தம்பதியர் தம் வீட்டு நீர்த்தொட்டியையும் தீண்டப்படாதார்க்குத் திறந்துவிட்டனர்.

1873ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 24ஆம் நாள் ஜோதிராவ் சத்தியசோதக் சமாசத்தை நிறுவினார். உண்மை நாடுவோர் சங்கம் என்பது அதன் பொருள். அச்சங்கத்தின் முறைப்படி, புரோகிதரும் வரதட்சணையும் இன்றி, மிகக் குறைந்த செலவில் திருமணங்கள் நடந்தன. மனைவியின் கல்வியையும் உரிமையையும் மதிப்பதாக மணமகன் உறுதி கூற வேண்டும். முதல் திருமணம் அவ்வாண்டு திசம்பரில் நிகழ்ந்தது. சாவித்திரிபாய் முன்னின்று நடத்தினார். பெண் மகவு சுமையாவது திருமணப் பந்தலில்தான் என்பதை அவர்கள் எவ்வளவு முன்னரே கண்டுகொண்டனர்! நம் கழக உறுப்பினர்களின் இல்லத் திருமணங்களில் எத்தனை இம்முறையில் நடந்துள்ளன என்பதை இவ்விழா ஆண்டில் எண்ணிப் பார்ப்பது நன்று. தமிழ்நாட்டில் சுயமரியாதைத் திருமணத்துக்கு 1967 முதலே சட்ட இசைவு உண்டு. சட்டத்தைக் குறை கூற நமக்கு வழியில்லை.

இல்லத்துக்கு வந்த விதவையருள் காசிபாய் என்பாரும் ஒருவர். தற்கொலை செய்துகொள்ளச் சென்றவளை ஜோதிராவ் தடுத்து அழைத்து வந்தார் என்பர். அவருக்குப் பிறந்த ஆண் மகவைத் தம்பதியர் தம் மகனாகவே ஏற்று யசுவந்தன் எனப் பெயரிட்டனர். பிராமண விதவையின் மகன் மாலிக் குடும்பத்தின் வாரிசானான். அவனை மருத்துவனாக்கினார் சாவித்திரிபாய். 1889இல் அவனுக்குச் சத்தியசோதக் முறைப்படி மணம் முடித்தபோது, மருமகளாக வரவிருந்த பெண்ணை முன்னரே வீட்டுக்கழைத்து வைத்துக் கல்வியில் ஊன்ற வைத்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது. மருமகளின் படிப்புக்காக வீட்டு வேலைகளைத் தாமே செய்த மாமியாரைப் பற்றி நம் தாய்மார்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுச் சற்றே யோசிப்பார்கள்.

1876-77ஆம் ஆண்டுகளின் கொடும் பஞ்சத்தில் தம்பதியர் ஊர்களில் சுற்றி உணவு வழங்கியதை இங்குக் குறிப்பாகச் சொல்லி அமைகின்றோம். 1890ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 28ஆம் நாள் ஜோதிராவ் மறைந்தார். வளர்ப்பு மகனுக்குக் கொள்ளி வைக்கும் உரிமையில்லை என உறவினர் தகராறு செய்தபோது, சாவித்திரிபாய் தாமே தீச்சட்டியை ஏந்தி முன்னே நடந்து கணவரின் சிதைக்குத் தீ மூட்டினார். கொள்ளி வைக்க ஆண்பிள்ளை வேண்டுமே என்பதுதானே ஆண் மகவுக்கு ஏங்குவோர் காட்டும் முதற் காரணம்? அக்காரணத்தைச் சுடுகாட்டிலேயே எரித்துவிட்டார் அம்மையார். பின்னர்ச் சங்கத்தின் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1893இல் சாஸ்வட் என்னும் ஊரில் நடந்த மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார்.

1897ஆம் ஆண்டில் பூனாவில் பிளேக் நோய் பரவிற்று. யசுவந்தன் நகருக்கு வெளியே, ஹடப்சர் அருகே வயல்வெளியில் மருத்துவ முகாம் அமைத்தார். அறுபத்தாறு வயதினரான சாவித்திரிபாய் நோயாளிகளைத் தேடிக் கொணர்ந்து மகனிடம் சேர்க்கும் பணியை மேற்கொண்டார். தாய் தேடிக் கொணர்ந்த நோயாளர்க்கு மருந்திட்ட அம்மருத்துவர், பிள்ளைக்கொலைத் தடுப்பு இல்லத்தில் பிறந்த பிள்ளை. முண்ட்வா என்னும் ஊரின் மகார் குடியிருப்பில் பாண்டுரங்கன் என்னும் சிறுவனைப் பிளேக் பற்றியிருப்பது தெரியவந்தது. தூக்கி வர வண்டியும் இல்லை, தொட ஆளும் இல்லை. அம்மையார் அவனைத் தம் முதுகில் சுமந்துகொண்டு முகாம் வரை நடந்தார். சிறுவன் பிழைத்தான். நோய் அம்மையாரைப் பற்றிற்று. 1897ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 10ஆம் நாள் அவர் உயிர் நீத்தார்.